இரண்டு வருஷத்தில் தாதி ஆகலாமா? வேறு பட்டத்தோடு வருகிறவர்களுக்கான வேகப் படிப்பு

கேள்வி, 2024 மே 11

அக்கா, நான் வணிக முகாமைத்துவப் பட்டதாரி. மட்டக்களப்பில் பாங்க் வேலை, வயது 33. கணவர் அவுஸ்திரேலியாவில், மெல்பேர்னில். வேறு பட்டம் உள்ளவர்களுக்கு அங்கே இரண்டு வருஷத் தாதியர் முதுமாணி இருக்கிறதாம், முடித்தால் பதிவுபெற்ற தாதி. என் சின்னம்மாவின் மகள் இங்கே உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருஷம் இருந்துதான் வெள்ளை உடுப்புப் போட்டாள். "ரெண்டு வருஷத்தில என்னத்தக் கா படிக்கப் போறீங்க, ஆக்களச் சாகடிக்கவா?" என்று கேட்கிறாள். பகிடிதான். ஆனாலும் எனக்கு நித்திரை வரவில்லை. உள்ளதைச் சொல்லுங்கள்.

2024 மே 12

பதிவுக்குப் போதும். முதல் நைட் டியூட்டிக்குப் போதாது. மூன்று வருஷம் படித்த எனக்கும் என் முதல் நைட்டுக்கு அது போதவில்லை. உங்கள் தங்கச்சியிடம் அவளுடைய முதல் நைட்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பகிடி நின்றுவிடும்.

நான் யார் என்று கேட்பீர்கள். மட்டக்களப்பில் டிப்ளோமா முடித்து, கிழக்கில் ஒரு அரச ஆஸ்பத்திரி மெடிக்கல் வாட்டில் நின்று, மறுகா இங்கிலாந்துக்குப் போய் வயதானவர்கள் வாட்டில் வேலை செய்தவள். வாட்டுக்கு வரும் மாணவர்களைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு விடுவதும் என் பொறுப்பாக இருந்தது. மூன்று வருஷக்காரர், இரண்டு வருஷக்காரர் இரண்டு வகையும் என் கையால் போயிருக்கிறார்கள். இப்போது அம்மாவைப் பார்க்க மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கிறேன். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன், அவசரப்படுத்தாதீர்கள்.

2024 மே 12, இரவு

முதலில் எது எவ்வளவு என்று பார்ப்போம். எல்லாரும் "வேகப் படிப்பு" என்று ஒரே பேரில் சொல்கிறார்கள், உள்ளே இருப்பது வேறு வேறு.

அமெரிக்காவில்தான் இது பழையது. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971இல் தொடங்கியது. இன்று அங்கே பெரும்பாலும் 11 முதல் 18 மாதம். கேட்டவுடன் தலை சுற்றும். ஆனால் அந்த 11 மாதத்துக்கு முன்பே உடற்கூறு, உடற்தொழிலியல், நுண்ணுயிரியல், புள்ளிவிபரம் என்று பாடங்களை முடித்துக் காட்ட வேண்டும். வணிகம் படித்தவருக்கு அதற்கே நல்ல காலம் போகும். விளம்பரத்தில் அது வராது. கடைசியில் நான்கு வருஷம் படித்தவரும் 11 மாதம் படித்தவரும் தாதியாகப் பதிவு பெற ஒரே என்சிலெக்ஸ் பரீட்சைதான் எழுதுகிறார்கள்.

பிரித்தானியாவில் கணக்கு மணித்தியாலத்தில். மொத்தம் 4600, அதில் பாதி வகுப்பு, பாதி வாட். அதாவது நோயாளிகளோடு 2300 மணித்தியாலம். பட்டதாரிகளுக்கு முன்பு படித்ததையும் செய்ததையும் பார்த்துக் கழித்துக் கொடுப்பார்கள், அதிகபட்சம் பாதி வரை கழிக்கலாம் என்பது அங்கத்தைய விதி. அப்படித்தான் மூன்று வருஷம் இரண்டாகிறது. 2300இல் 600 வரை பொம்மையிலும் செயற்கை வாட்டிலும் செய்யவும் இப்போது இடம் உண்டு.

அவுஸ்திரேலியாவில் ஆகக் குறைந்தது 800 மணித்தியாலம். மூன்று வருஷப் படிப்புக்கும் அதே 800, இரண்டு வருஷ முதுமாணிக்கும் அதே 800. எட்டு மணித்தியால டியூட்டியாகப் பிரித்தால் 100 நாள்.

தங்கச்சி, உங்கள் நித்திரை கெடுவதென்றால் இந்த 100 நாளுக்குக் கெடட்டும். அங்கே மூன்று வருஷம் படிக்கிற 19 வயதுப் பிள்ளைக்கும் சட்டம் கேட்பது அவ்வளவுதான், ஆகவே "இரண்டு வருஷம்" என்பதில் ஒன்றும் இல்லை. 800 என்பது அடிமட்டம். சில பல்கலைக்கழகங்கள் கூடக் கொடுக்கும். எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

2024 மே 14

ஒருவர் திருகோணமலை வீதியில் பார்த்த போஸ்டரைப் படம் பிடித்துப் போட்டு, "இங்கேயே 6 மாதத்தில் நேர்ஸ் ஆகலாமே, எதுக்கு மெல்பேர்ன்?" என்கிறார்.

தம்பி, அது பராமரிப்பாளர் பயிற்சி. ஜப்பானுக்கும் இஸ்ரேலுக்கும் வயதானவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கானது. மரியாதையான வேலை, வீட்டுக்குக் காசும் வரும். ஆனால் அதை முடித்தவர் தாதி இல்லை, ஊசி போட முடியாது, தாதியாகப் பதிவும் கிடைக்காது. போஸ்டரில் தொப்பி போட்ட நேர்சின் படம் இருப்பது போஸ்டர் அடித்தவரின் கெட்டித்தனம்.

இங்கே தாதி ஆவதென்றால் அரச பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருஷம், அல்லது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடம் போன்ற இடத்தில் நான்கு வருஷப் பட்டம். இரண்டுக்கும் உயர்தரப் பெறுபேறு வேண்டும், பயிற்சிக் கல்லூரிக்கு வயதெல்லையும் உண்டு. 33 வயதுப் பாங்க் உத்தியோகத்தருக்கு இரண்டு கதவும் பூட்டு. அதனால்தான் இந்தக் கேள்வி வெளிநாட்டுக் கேள்வியாக வருகிறது.

2024 மே 19

அம்மா இன்றைக்கு நேரத்தோடு படுத்துவிட்டார். ஒரு ஆளைப் பற்றி எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் என்னிடம் வந்த இரண்டு வருஷ மாணவர். ஆங்கிலேயர், நாற்பதை ஒட்டிய வயது, அதற்கு முன் காப்புறுதிக் கம்பனியில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற வேலை. மெல்லிய ஆள், கண்ணாடி, எதைச் சொன்னாலும் சின்னக் கொப்பியில் குறிப்பார். மற்ற நேர்ஸ்மார் அவரைக் கண்டால் கண்ணைச் சுழற்றுவார்கள்.

அங்கே நோயாளியின் நிலையைப் புள்ளி போட்டுப் பார்ப்பார்கள், நியூஸ்-2 என்று பேர். மூச்சு, ஒட்சிசன், பிரஷர், நாடி, காய்ச்சல், நினைவு ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டி 5 வந்தால் டொக்டரை உடனே கூப்பிட வேண்டும், 7 வந்தால் ஓட வேண்டும். இதில் மூச்சைச் சாதாரண வாட் மெஷின் எண்ணாது. ஆள்தான் நின்று, மணிக்கூட்டைப் பார்த்து, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். எந்த நாட்டு வாட்டிலும் போய்ப் பாருங்கள், நோயாளியின் டிக்கட்டில், அதுதான் குறிப்புத் தாளில், மூச்சு 16, 18, 16, 18 என்று கோலம் போட்டிருக்கும். எண்ணுவதில்லை, எழுதுவது. எங்கள் ஊரிலும் அப்படித்தான், உங்களுக்கே தெரியும்.

ஒரு பின்னேரம் இந்த மனுஷன் ஒரு அம்மாவின் கட்டிலடியில் நின்றுகொண்டே இருக்கிறார். தேத்தண்ணி வண்டி வந்து போனது, அவர் அசையவில்லை. நான் போய் என்ன என்று கேட்டேன். "இருபத்தெட்டு. சந்தேகத்தில் இரண்டாம் தரமும் எண்ணினேன், இருபத்தெட்டுத்தான்" என்றார். காலையிலிருந்து 18 என்று எழுதிய மூன்று வரி அதற்கு மேலே. 25ஐத் தொட்டாலே மூச்சுக்கு மட்டும் 3 புள்ளி, மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் டொக்டருக்குச் சொல்ல வேண்டிய இடம். அம்மா சிரித்துக் கதைத்துக்கொண்டுதான் இருந்தார். சுவாசப்பையில் கிருமி. அன்று இரவே ஊசி மருந்து தொடங்கியது, பிறகு நடந்து வீட்டுக்குப் போனார்.

மூன்று வரி 18 எழுதியவர்கள் ஒருவரும் வேகப் படிப்பு இல்லை.

கள்ளக் கணக்குப் பார்த்துப் பழகிய கண் அது. எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அதைக் கொடுக்கவில்லை, அவரே கொண்டுவந்தார். பாங்கில் இருக்கிறவர் என்ன கொண்டு போகலாம் என்றால், இதைத்தான்.

2024 மே 20

ஏஜென்சிக்காரனிடம் காசு வாங்கி எழுதுகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கியிருந்தால் கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு திரிவேனா? பொறுங்கள், மற்றப் பக்கமும் வருகிறது.

2024 மே 26

மற்றப் பக்கம்.

அதே மனுஷன் பதிவு கிடைத்து எங்கள் வாட்டிலேயே சேர்ந்தார். முதல் நைட். எட்டுப் பேர் அவர் பொறுப்பு. வெள்ளைத் தாளில் கோடு போட்டு, எத்தனை மணிக்கு யாருக்கு என்ன என்று முத்துமுத்தாக எழுதி வைத்திருந்தார். பத்து மணி மருந்து முடிகிற நேரம், இரண்டாம் கட்டிலில் மருந்து ஏற்றுகிற பம்ப் கத்தத் தொடங்கியது. நாலாம் கட்டில் அம்மா கக்கூசுக்குப் போக மணி அடிக்கிறார். ஆறாம் கட்டில் ஐயாவுக்கு மறதி நோய், எழும்பி, சிறுநீர்க் கதீட்டர் பை தரையில் இழுபட நடக்கிறார். இவர் தாளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தாளில் இது மூன்றும் இல்லை.

நான் ஐயாவைப் போய்ப் பிடித்தேன். பம்ப் கத்தட்டும், மருந்து முடிந்ததற்குத்தான் கத்துகிறது, கத்தினால் யாரும் சாக மாட்டார்கள். அம்மாவிடம் உதவியாளரை அனுப்பினேன். அரை நிமிஷ வேலை. எப்படித் தெரிந்தது என்று அவர் பிறகு கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெனர் என்ற அமெரிக்கத் தாதியியல் பேராசிரியை 1984இல் இதைப் பற்றித்தான் ஒரு புத்தகமே எழுதினார், புதியவர் எப்படி விதியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், பழையவர் எப்படிப் பார்த்தவுடன் போகிறார் என்று. நின்று நின்றுதான் வருகிறது என்பதைத் தவிர எனக்கு அதில் கூட்டிச் சொல்ல எதுவும் இல்லை.

இனித்தான் சொல்ல வந்த விஷயம். மூன்று வருஷம் படித்து வந்த 22 வயதுப் பிள்ளைகளும் முதல் நைட்டில் இப்படித்தான் உறைந்து நிற்கும். ஆனால் அந்தப் பிள்ளை பத்தாவது வினாடியில் ஓடி வந்து என் கையைப் பிடிக்கும். அதற்கு வெட்கம் இல்லை, தனக்குத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும் என்று அதற்குத் தெரியும். இந்த மனுஷன் கேட்கவில்லை. நாற்பது வயது, ஒரு காலத்தில் தனக்குக் கீழே ஆட்களை வைத்து வேலை வாங்கியவர், எப்படிக் கேட்பது? நான் தற்செயலாக அந்தப் பக்கம் வராவிட்டால் அந்த ஐயா விழுந்திருப்பார்.

வேகப் படிப்பில் நான் பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான். குறைந்த வாட் மணித்தியாலத்தோடு, கேட்கக் கூச்சப்படுகிற வயதும் சேர்ந்து வருகிறது. தனித்தனியாக ஒன்றுமில்லை. சேர்ந்தால் ஆபத்து.

2024 ஜூன் 2

மூன்று வருஷத்தைப் பற்றி இரண்டொரு பேர் கோயில் மாதிரிக் கதைக்கிறார்கள். நானும் அங்கே இருந்து வந்தவள்தான், கொஞ்சம் இறங்கி வருவோம்.

அந்த மூன்று வருஷத்தில் படித்தது எவ்வளவு? இரத்தச் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லாப்புக்கு ஓடியது, ரிப்போட் வாங்க மறுபடி ஓடியது, பெட்ஷீற் மாற்றியது, மருந்து அலுமாரி துடைத்தது, சிஸ்டர் எழுதச் சொன்னதைப் பெரிய கொப்பியில் சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியது. மாணவி என்று பேர், வாட்டில் ஒரு கை. இதையெல்லாம் கழித்தால் படிப்பு இரண்டு வருஷத்துக்கும் வராது என்று ஹொஸ்டலில் சொல்லிச் சிரிப்போம்.

பிரித்தானியாவில் மாணவரை டியூட்டிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆள் குறைந்தாலும் அவர் கூடுதல் ஆள்தான், படிக்க வந்தவர். (எழுத்தில் அப்படி. நெருக்கடி நாளில் என்ன நடக்கும் என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.) அப்படிப் பார்த்தால் அங்கத்தைய ஒரு மணித்தியாலமும் இங்கத்தைய ஒரு மணித்தியாலமும் ஒன்றில்லை.

2024 ஜூன் 2, பின்னேரம்

ஆனால் யோசித்துப் பார்க்கிறேன். லாப்புக்கு ஓடிய ஓட்டத்தில்தான் எந்த ரிப்போட் வந்தால் டொக்டர் முகம் மாறும் என்று தெரிந்தது. பெட்ஷீற் மாற்றும்போதுதான் முதுகுத் தோல் சிவப்பதை முதலில் கண்டேன். சிவப்பு மைக் கோட்டில் மட்டும் எதுவும் படித்ததாக நினைவில்லை, அதை விட்டுவிடலாம்.

ஆக அந்த ஓட்டம் முழுக்க வீண் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பாடம் என்று பேர் வைக்காத பாடம் அதில் இருந்தது. வேகப் படிப்பில் முதலில் வெட்டுப்படுவது அந்த ஓட்டம்தான், ஏனென்றால் எந்த நேர அட்டவணையிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

2024 ஜூன் 9

சம்மாந்துறைப் பக்கமிருந்து ஒரு அண்ணன் எழுதியதை எல்லாரும் வாசியுங்கள். அவர் விவசாயி. மூன்று மாத நெல்லும் நாலரை மாத நெல்லும் அரிசியாகும்போது அரிசிதான், ஆனால் மூன்று மாத நெல்லில் ஒரு கிழமை தண்ணீர் தப்பினால் பயிர் தேற நாள் இல்லை என்கிறார்.

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. நான்கு வருஷப் படிப்பில் டெங்கு வந்து இரண்டு கிழமை படுத்தால் அடுத்த தவணையில் பிடிக்கலாம். 11 மாதப் படிப்பில் இரண்டு கிழமை என்றால் ஒரு முழு வாட்டே போய்விடும். பிள்ளைக்கு அம்மாள் நோய், மாமியாருக்கு ஆப்பரேஷன், ஊரில் ஒரு செத்த வீடு, எதற்கும் இடம் இல்லை. அமெரிக்காவில் பல கல்லூரிகள் படிக்கிற காலத்தில் வேலைக்குப் போக வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. வேறு தொழிலில் இருந்து வருகிறவர்தான் குடும்பம், கடன், பிள்ளைகள் எல்லாம் உள்ள ஆள். 19 வயதுக்காரருக்கு நீண்ட படிப்பு, சுமை உள்ளவருக்குக் குறுகிய படிப்பு. யார் போட்ட கணக்கோ.

2024 ஜூன் 10

பிரித்தானியா யோசிக்கிறவர்கள் கவனிக்க. 2024 ஜனவரி முதல், வகுப்பு முறையில் முதுமாணி படிக்கப் போகிறவர் கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிப் போக முடியாது. இரண்டு வருஷத் தாதியர் முதுமாணியும் அதற்குள்தான் வருகிறது. ஏஜென்சி "போன பிறகு பார்ப்போம்" என்று சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

2024 ஜூன் 23

என் தம்பியின் பெண்சாதி, எனக்கு மச்சாள், மெல்பேர்னில் இந்தப் படிப்பைத்தான் செய்தாள். அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன், "பேர் மட்டும் போடாதீங்க மச்சாள்" என்றாள்.

இங்கே அவள் ஆசிரியை. களுவாஞ்சிகுடிச் சந்தையில் மீன் வாங்கப் போனால் மீன்காரத் தம்பி "ரீச்சர்" என்று எழும்பி நிற்பான். அவன் அவளிடம் படித்தவன். அப்படிப்பட்டவள் 36 வயதில் ஒரு மருந்து அறையில் நிற்கிறாள், பக்கத்தில் 24 வயது நேர்ஸ் பிள்ளை. இன்சுலின் ஊசியைக் கையில் எடுத்ததும் அந்தப் பிள்ளை "திரும்பப் பார்" என்கிறாள். பார்த்தாள். "இன்னொரு தரம், சத்தமாக வாசி." வாசித்தாள். சரியாகத்தான் இருந்தது. அங்கத்தைய வழக்கம் அது, ஆபத்தான மருந்துக்கு இரண்டு பேர் பார்ப்பது. இவளுக்கு அது தெரியும். ஆனாலும் அன்றைக்கு லொக்கர் ரூமில் அழுதாளாம். "அவ பிழையாச் சொல்லல்ல மச்சாள், நான் பிள்ளையளுக்குச் சொல்ற மாதிரியே எனக்குச் சொல்லிப் போட்டா."

எங்கள் ஊரில் வயதுக்கு ஒரு மரியாதை உண்டு. அக்கா, ரீச்சர், மிஸ் என்று அது ஒட்டிக்கொண்டே வரும். அந்த வாட்டில் அவளுக்கு அது ஒன்றும் இல்லை, பேர் மட்டும்தான். படிப்பு கஷ்டமா என்று கேட்டால் இல்லை என்கிறாள். ஆசிரியர் கலாசாலையில் இருந்து வந்தவளுக்கு அசைன்மென்ட் ஒரு பொருட்டில்லை. கஷ்டம் இதுதான் என்கிறாள்.

அவள் தப்பியது எப்படி? பதிவு கிடைத்த முதல் வருஷம் புதியவர்களைச் சேர்த்து நடத்துகிற ஒரு திட்டத்தில் இடம் கிடைத்தது. அங்கே பெரிய ஆஸ்பத்திரிகளில் அப்படி உண்டு: வாட் மாற்றி மாற்றி, இடையில் படிப்பு நாள், கேட்பதற்கென்று ஒரு மூத்த நேர்ஸ். அந்த மூத்த நேர்சிடம் ஒரு பழக்கம், டியூட்டி முடிகிற நேரம் வந்து "இன்றைக்கு எதைக் கேட்காமல் விட்டாய்?" என்று கேட்பாராம். "ஏதும் கேட்க இருக்கா?" என்றால் இவள் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல முடியாது.

அவளோடு படித்த இன்னொருவருக்கு அப்படி இடம் கிடைக்கவில்லை. வயதானவர் இல்லம் ஒன்றில் இரவு முழுக்க ஒரே தாதியாக வேலைக்குப் போனார். பக்கத்தில் கேட்க ஆளே இல்லை. சில மாதத்தில் விட்டுவிட்டு முந்திய தொழிலுக்கே போய்விட்டாராம். அதே பல்கலைக்கழகம், அதே சான்றிதழ், அதே 800.

2024 ஜூன் 25

"ஆய்வு இருக்கா, கதைதானா?" என்கிறார் ஒருவர். இருக்கிறது. லிண்டா எய்க்கன் என்ற தாதியியல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் 9 ஐரோப்பிய நாடுகளில் 300 ஆஸ்பத்திரிகளைப் பார்த்து 2014இல் லான்செட் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். சத்திரசிகிச்சை செய்த நோயாளிகள் 30 நாளுக்குள் இறப்பதைப் பற்றியது. ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடினால் இறக்கிற சாத்தியம் 7 வீதம் கூடுகிறது. பட்டதாரித் தாதியர் பங்கு 10 வீதம் கூடினால் 7 வீதம் குறைகிறது.

இரண்டாவது வரியை மட்டும் வெட்டி எடுத்துப் பல்கலைக்கழகங்கள் விளம்பரத்தில் போடும். முதலாவதையும் சேர்த்து வாசியுங்கள். அந்தப் பட்டம் எத்தனை மாதத்தில் வந்தது என்று அந்த ஆய்வு பிரிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். எட்டுப் பேரைப் பார்க்கிற தாதிக்குப் பக்கத்தில் புதியவர் ஒருவரை விட்டால் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு நேரம் எங்கே?

2024 ஜூலை 7

மட்டக்களப்பில் படித்த திமிரை ஒருக்கால் காட்டிவிடுகிறேன், மன்னிக்கவும்.

அங்கே எல்லாம் பம்ப். எண்ணை அழுத்தினால் மருந்து போகும். இங்கே பம்ப் எல்லாக் கட்டிலுக்கும் இல்லை, மணிக்கூட்டைப் பார்த்துத் துளி எண்ணுவோம். டெங்குக் காலத்தில் வாட் நிரம்பி, தரையிலும் பாய் போட்டிருக்கும். ஒவ்வொருவருக்கும் மணித்தியாலத்துக்கு இவ்வளவு மில்லிலீற்றர் என்று டொக்டர் எழுதியிருப்பார். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. 60 துளிக்கு ஒரு மில்லிலீற்றர் விழுகிற சின்னச் சேலைன் செட் என்றால் கணக்கே இல்லை, மணித்தியாலத்துக்கு 40 மில்லி என்றால் நிமிஷத்துக்கு 40 துளி. பெரிய செட்டுக்குத்தான் கணக்குப் போட வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு இரவு பம்ப் தட்டுப்பாடு வந்தபோது இளம் நேர்ஸ்மார் முழித்தார்கள். நான் துளிச் சக்கரத்தைப் பெருவிரலால் உருட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணி விட்டுப் போனேன். மந்திரம் போட்ட மாதிரிப் பார்த்தார்கள்.

போகப் போகிற எல்லாருக்கும் ஒரு கணக்கு: 1000 மில்லிலீற்றர் சேலைன், 8 மணித்தியாலத்தில் முடிய வேண்டும், செட்டில் 20 துளிக்கு ஒரு மில்லிலீற்றர். நிமிஷத்துக்கு எத்தனை துளி? கல்குலேட்டர் தொடக் கூடாது. பதிலைக் கீழே எழுதுங்கள்.

2024 ஜூலை 14

கேள்வி கேட்ட தங்கச்சி தனியாக எழுதியிருந்தார், இரண்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறதாம், எதை எடுப்பது என்று. இங்கேயே சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

தரவரிசை பார்க்க வேண்டாம். 800க்கு மேல் எத்தனை மணித்தியாலம் தருகிறார்கள் என்று பாருங்கள். அந்த மணித்தியாலம் எங்கே என்று பாருங்கள், பெரிய ஆஸ்பத்திரி மெடிக்கல் வாட்டா, அல்லது பெரும்பகுதி வயதானவர் இல்லமும் சமூக கிளினிக்கும்தானா என்று. இரண்டுமே வேண்டும், ஆனால் முதலாவது இல்லாமல் பதிவு வாங்கினால் அந்த ஆறாம் கட்டில் ஐயாவை முதன்முதலில் தனியாகத்தான் சந்திப்பீர்கள். முடித்தவர்களில் எத்தனை பேருக்கு முதல் வருஷத் திட்டத்தில் இடம் கிடைக்கிறது என்று கேளுங்கள். இதற்கு நேரே பதில் சொல்லாத பல்கலைக்கழகத்தை நான் என்றால் எடுக்க மாட்டேன், கட்டணம் குறைவாக இருந்தாலும்.

போவதற்கு முன் இங்கே இருக்கிற காலத்தில் உடற்கூறும் உடற்தொழிலியலும் தொடங்குங்கள். வணிகம் படித்தவர் விழுகிற இடம் அதுதான், சிறுநீரகமும் இரத்தத்தின் உப்புக் கணக்கும். ஊரில் வயதானவர் இல்லம் ஏதாவது இருந்தால் கிழமையில் ஒரு நாள் போய் நின்று பாருங்கள். மலம் துடைக்க முடியுமா என்பதை இரண்டு வருஷக் கட்டணம் கட்டிய பிறகு கண்டுபிடிக்க வேண்டாம். இதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் இருவர் உடனே பாங்கிலேயே நின்றுவிட்டார்கள். நல்ல முடிவு, இரண்டு பக்கத்துக்கும்.

அந்தச் சின்னம்மாவின் மகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷம் இரவு ஒரு மணிக்கு வாட்சப்பில் கேட்க ஒரு ஆள் வேண்டும். நேர வித்தியாசத்துக்கு அவள் இங்கே முழித்திருப்பாள்.

2024 ஆகஸ்ட் 3

நாளைக்கு மாமாங்கம் கோயிலில் தீர்த்தத் திருவிழா. டவுன் பக்கம் ஒரு ஓட்டோ கிடைக்கவில்லை, ஆகவே வீட்டில் இருந்து பதில் எழுதுகிறேன்.

அங்கே படித்துவிட்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வர முடியுமா என்று கேட்டவருக்கு: அரச சேவை தாதியரைத் தன் பயிற்சிக் கல்லூரிகளில் இருந்தும் இங்கத்தைய பல்கலைக்கழகங்களில் இருந்தும்தான் எடுக்கிறது. வெளிநாட்டுப் படிப்போடு வந்தால் முதலில் இலங்கைத் தாதியர் பேரவையின் பதிவு வேண்டும். போகும் முன்பே அவர்களிடம் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள். திரும்பி வரும் எண்ணத்தோடு மட்டும் இந்தப் படிப்புக்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆண்கள் செய்யலாமா என்று கேட்ட தம்பிக்கு: மேலே எழுதிய காப்புறுதிக் கம்பனிக்காரரை வாசித்தீர்களா, இல்லையா?

2024 ஆகஸ்ட் 6

அந்த மனுஷன் பிறகு என்ன ஆனார் என்று பல பேர் கேட்டிருக்கிறார்கள். நல்ல தாதியாக வந்தார். முதல் வருஷம் நான் அவரைத் திட்டித் திட்டிக் கேட்க வைத்தேன், அதுதான் உண்மை. ஒரு கட்டத்தில் அளவுக்கு மீறிக் கேட்கத் தொடங்கி, தேத்தண்ணி குடிக்க விடவில்லை. இப்போது அவரே மாணவர்களுக்குப் பொறுப்பாம். மூச்சு 18 என்று எழுதியிருந்தால் கட்டிலடிக்குக் கூட்டிப் போய்த் தன் கண் முன்னால் எண்ணச் சொல்வாராம். அந்த வாட் பிள்ளைகள் பாவம்.

2024 ஆகஸ்ட் 7

துளிக் கணக்கின் விடை 42. ஆயிரத்தை இருபதால் பெருக்கி 480 நிமிஷத்தால் பிரிப்பது. 125 என்று எழுதியவர்கள் மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லி என்பதோடு நின்றுவிட்டார்கள், அந்த வேகத்தில் விட்டால் சேலைன் போத்தல் மூன்று மணித்தியாலம் ஆகுமுன் காலி. 41.67 என்று எழுதிய பொறியியலாளர் தம்பிக்கு, கணக்கு சரி, அந்த .67 துளியை எப்படி விடுவீர்கள் என்றும் எழுதி அனுப்புங்கள்.